கன்சோலில் இருவர்: சேர்ந்து ட்ராக் செய்ய வரும் டி.ஜே. பிள்ளைகளுக்கு

பெங்களூரின் விவேக் நகர், ஈஜிபுரா, ஆஸ்டின் டவுன், நீலசந்திரா பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கோரமங்களா, இந்திரா நகர், சர்ச் ஸ்ட்ரீட் கிளப்புகளில் பாட்டுப் போடுகிறார்கள். சிலருக்கு வாரத்தில் ஒரு நாள் நிரந்தரமாகவே அமைந்துவிடுகிறது. பெர்லினிலிருந்தோ மும்பையிலிருந்தோ பெயர் பெற்றவர் வரும் இரவில், கதவு திறந்த நேரத்திலிருந்து அறையைச் சூடேற்றிக் கொடுப்பவர் ரெசிடென்ட். யாரும் வராத வாரங்களில் முழு இரவையும் தாங்குபவரும் அவர்தான். ஒரே கிளப்பில் இருவர் இப்படி ஓரிரு வருடம் மாறி மாறி நின்றால், "அண்ணா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு டெக்னோ இ.பி. போடலாம்னு இருக்கோம்" என்று வந்து நிற்பது இயல்பு. எனக்கு அதைவிடச் சந்தோஷமான செய்தி கிடையாது. அப்படி வருகிறவர்களிடம் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. உங்கள் அறையிலிருந்து தொடங்குங்கள்.

உலகத்தில் உங்களைவிட நல்ல மெஷின், நல்ல ஸ்டுடியோ, அதிக அனுபவம் உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது உங்கள் கிளப்பின் அந்த ஒரு அறை. அதில் எந்த மணிக்குக் கூட்டம் தளரும், எந்த ஸ்பீடில் கால் தானாக அசையும், எந்த மூலையில் பேஸ் முட்டும் என்பது உங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கூட்டுத் தட்டு அந்த அறிவிலிருந்து வர வேண்டும்.

பெர்லினில் பெர்க்ஹைன் என்ற கிளப் 2004இல் ஒரு பழைய மின் நிலையத்தில் தொடங்கியது. மறு வருடமே ஓஸ்ட்குட் டோன் என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார்கள். அங்கே ரெசிடென்ட்களாக இருந்த மார்செல் டெட்மானும் பென் க்ளாக்கும் சேர்ந்து 2006இல் 'டானிங்' என்ற தட்டை வெளியிட்டார்கள். உயரமான கூரை, கான்கிரீட் சுவர், சனி இரவு தொடங்கித் திங்கள் காலை வரை ஓடும் ஆட்டம் என்று அந்த இடத்துக்கு ஒரு குணம் உண்டு. அவர்கள் செய்த இசையில் அவசரம் இல்லாததற்கும், சின்ன ஒலியைச் சுற்றியும் இவ்வளவு வெட்டவெளி இருப்பதற்கும் அந்தக் கட்டடமே காரணம் என்பது என் எண்ணம். அதை அப்படியே கோரமங்களாவின் ஒரு மாடி கிளப்புக்குக் கொண்டுவந்தால் நிற்காது. அங்கே கூரை தாழ்வு, பார் கவுன்டர் டான்ஸ் ஃப்ளோரை ஒட்டியே இருக்கும், இரவும் ஒரு மணிக்கு முடிந்துவிடும். உங்கள் இசை அதற்குள் பிறக்கட்டும்.

2. அறையை அளந்து எழுதி வையுங்கள்.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். உங்கள் அறையும் ஏறக்குறைய அதே நீளம் என்றால், அந்த ஸ்வரம் சுவரோரத்திலும் அறையின் நடுவிலும் பூதமாகக் கேட்கும். அந்த இரண்டுக்கும் சரிபாதியில் நின்றால் காணாமல் போகும். கிளப் திறப்பதற்கு முன் சவுண்ட்காரரிடம் அனுமதி கேட்டு, 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஒரு ஸைன் ஒலியை ஏற்றிக்கொண்டே போங்கள். ஒருவர் கன்சோலில் நிற்க, இன்னொருவர் அறை முழுக்க நடக்கட்டும். பிறகு இடம் மாறுங்கள். எங்கே முட்டுகிறது, எங்கே விழுகிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலி அறையில் ஹை-ஹேட் காதைக் கிழிப்பதுபோல் இருக்கும். கூட்டம் நிறைந்ததும் உடலும் துணியும் மேல் ஒலியைக் குடித்துவிடும். அதே ஹை-ஹேட் மங்கிவிடும். ஆகவே மாலை ஆறு மணிக்கு சவுண்ட் செக்கில் கேட்டதை வைத்து மிக்ஸை முடிவு செய்யாதீர்கள்.

3. உங்கள் செட்டுக்கு முழுக்க நின்று கேட்பவரைக் கூட்டாளியாக்குங்கள்.

ரசனை ஒத்துப்போவது அவ்வளவு முக்கியமில்லை. தன் முறை முடிந்ததும் பேகைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவருடன் தட்டு போட முடியாது.

4. பங்கை முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

நட்பில் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள். நட்பு நிலைக்கத்தான் எழுதச் சொல்கிறேன். ட்ராக்கின் பெயர், இருவர் பெயர், சதவீதம், தேதி, இருவர் கையெழுத்து; ஒரு பக்கம் போதும். யார் எவ்வளவு செய்தார் என்று ஒவ்வொரு ட்ராக்குக்கும் கணக்குப் பார்ப்பதைவிட, எல்லாவற்றையும் பாதிப் பாதி என்று வைத்துவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒருவர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு கிக்கைச் செதுக்கியிருப்பார். இன்னொருவர் உள்ளே வந்து "அந்த சின்த்தை எடுத்துடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். எது பெரிது என்று எந்தத் தராசும் சொல்லாது.

நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில், இருவர் பங்கையும் பிரித்துக் காட்ட முடியாதபடி செய்த படைப்பைக் கூட்டுப் படைப்பாகவே கொள்கிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசை எழுதியவர் தன் ராயல்டி உரிமையை முழுக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. லேபிள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைத் தெரிந்துகொண்டு, இருவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். பாட்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அது என்று பல டி.ஜே. பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல் இல்லாத ட்ராக்கும் இசைப் படைப்புதான்.

5. ஃபைல் ஒழுக்கம்.

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருவர் லேப்டாப்பிலும் ஒரே சாஃப்ட்வேர், ஒரே பதிப்பு. சாம்பிள் ரேட்டை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஒருவர் 44.1, இன்னொருவர் 48 என்று ஓட்டினால் எங்கேயாவது ஒரு லூப் சுருதி விலகும். மற்றவரிடம் இல்லாத ப்ளக்-இன் பயன்படுத்தினால் அந்தத் தடத்தை ஆடியோவாக மாற்றி அனுப்புங்கள். ஸ்டெம்கள் எல்லாம் முதல் பாரின் தொடக்கத்திலிருந்தே புறப்பட வேண்டும். ஃபைல் பெயரில் தேதி போடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'லாஸ்ட் ஃபைனல்' என்று எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

6. கிக்கும் பேஸும் ஒருவர் கையில் இருக்கட்டும்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். சேர்ந்து செய்த ட்ராக்குகள் பெரும்பாலும் உடைவது இந்த இடத்தில்தான். ஒருவர் வீட்டில் கிக் செய்துகொண்டு வருவார், இன்னொருவர் பேஸ்லைன் கொண்டு வருவார். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமை. சேர்த்து ஓட்டினால் அறையில் ஒரே உறுமல்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 130 பி.பி.எம். என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 461 மில்லி செகண்ட். பேஸ் விழுவது நடுவில், அதாவது சுமார் 230இல். உங்கள் கிக்கின் வால் 300 மில்லி செகண்ட் நீண்டால், ஒவ்வொரு அடியிலும் 70 மில்லி செகண்ட் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. வீட்டு ஹெட்ஃபோனில் அது கனமாக, அழகாகத் தோன்றும். கிளப்பின் சப்பில் அது சேறு. வாலை 200க்குள் வெட்டுங்கள். நறுக்கென்று வெட்டினால் டக் என்ற சத்தம் வரும், சரிவாக இறக்குங்கள்.

அடுத்தது சுருதி. கிக்கின் அடிப்பகுதி 49 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றால் அது மேற்கத்திய ஜி ஸ்வரம். பேஸ்லைன் 52இல் ஜி ஷார்ப்பில் சுற்றிக்கொண்டிருந்தால் இரண்டும் உரசும். பேஸை ஜிக்கு இறக்குங்கள், அல்லது கிக்கை ஏற்றுங்கள். சின்னச் சின்ன சப் உள்ள கிளப்புகளில் 40க்குக் கீழே ஒன்றும் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு எல்லாவற்றையும் மோனோவில் போட்டு, பேஸ் தடத்தின் போலாரிட்டியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் நெஞ்சில் அடி அதிகமாகிறதோ அந்தப் பக்கமே விடுங்கள். இதை ஒரே ஆள், ஒரே உட்காரலில் செய்ய வேண்டும். மற்றவர் பக்கத்தில் இருந்து கேட்கலாம், மவுஸைத் தொட வேண்டாம்.

7. மற்றவர் செய்ததை அழிக்க உரிமை கொடுங்கள்.

கன்சோலில் பேக்-டு-பேக் போடும்போது உங்களுக்கு இது இயல்பாகவே வருகிறது. அவர் ஒரு ட்ராக் போட்டுக் கூட்டத்தைப் பிடித்தால் நீங்கள் குறுக்கே போவதில்லை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் பேசும்போது கடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுபோலத்தான் அது. ஸ்டுடியோவுக்கு வந்ததும் இருவருக்கும் பயம் வந்துவிடுகிறது. தன் ஒலி இல்லாவிட்டால் தன் பங்கே இல்லை என்று நினைத்து ஆளுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் நாற்பது தடம், ஆட இடமில்லை.

டெட்ராய்ட்டில் டெரிக் மே 1987இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. அதில் பேஸ்லைனே கிடையாது. அடியில் இருக்கும் பியானோ மைக்கேல் ஜேம்ஸ் என்ற நண்பர் வாசித்தது. ஒருவர் வாசித்ததை இன்னொருவர் வெட்டி, அடுக்கி, வேகம் ஏற்றி வேறொன்றாக ஆக்கினார். அதைக் கேட்டுவிட்டு உங்கள் புரொஜெக்டைத் திறந்து, எந்தத் தடத்தை ம்யூட் செய்தால் ட்ராக் விழவில்லையோ அதை அழித்துவிடுங்கள். யார் செய்தது என்று பார்க்காதீர்கள்.

முறை ஒன்று சொல்கிறேன்: புரொஜெக்ட் ஒரு வாரம் ஒருவரிடம், அடுத்த வாரம் மற்றவரிடம். அவர் வைத்திருக்கும் வாரத்தில் "என்ன பண்ணிட்டு இருக்கே மச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள்.

8. நம் மண்ணின் ஒலியைத் தெரிந்து எடுங்கள்.

வெளிநாட்டு லேபிள் கவனிக்க வேண்டும் என்று கிக்குக்கு மேல் ஒரு நாதஸ்வரத் துண்டை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். ராகம் என்னவென்று கேட்டால் தெரியாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் நம் நாட்டில் இதைச் சரியாகச் செய்தவர் இருக்கிறார். மும்பை சினிமா இசைக்குழுக்களில் பல வருடம் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் தட்டாகப் போட்டார். அவர் கையில் இருந்தவை ரோலண்டின் டி.ஆர். 808, டி.பி. 303, ஜுபிடர் 8. அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான், சிகாகோவின் ஆசிட் ஹவுஸுக்கு ஐந்து வருடம் முன்பே அதே 303 ஒலியை இவர் வைத்திருந்தார் என்று உலகம் வியந்தது. அதற்கும் முன்னால், 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டூடர் வந்து மூக் சின்தசைசர் நிறுவ உதவினார். கீதா சாராபாய், எஸ்.சி. சர்மா போன்றவர்கள் அதில் செய்த பதிவுகள் 2023இல்தான் தட்டாக வெளிவந்தன.

சரண்ஜித் சிங்குக்கு ராகமும் தெரியும், மெஷினும் தெரியும். உங்கள் இருவரில் ஒருவர் சர்ச் கொயரில் பாடி வளர்ந்தவராகவோ, தப்பு அடிக்கத் தெரிந்தவராகவோ இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் தெரு ஒலியே போதும். வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயில் நொவேனாவுக்கு வரும் கூட்டம், லவுட் ஸ்பீக்கரில் மொழி மாறி மாறி வரும் ஜெபம், சந்தில் சுவரிலிருந்து சுவருக்குத் தெறிக்கும் அதன் எதிரொலி. அந்த எதிரொலியின் இடைவெளியைக் காதில் வாங்கி உங்கள் டிலேயில் வையுங்கள். ஜெபத்தைப் பதிவு செய்து ட்ராக்கில் போடாதீர்கள். அது அங்கே கும்பிட வந்தவர்களுடையது.

9. பெயர் சொல்லாமல் ஃப்ளோரில் ஓட்டிப் பாருங்கள்.

ட்ராக் பாதி தயாரானதும் உங்கள் ஓபனிங் செட்டில் ஒன்பதரை, பத்து மணிக்குப் போடுங்கள். "இது நாங்க செஞ்சது" என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். ஒருவர் கன்சோலில், மற்றவர் கூட்டத்துக்குள். முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பாருக்குக் கிளம்பியவர் திரும்பி வருகிறாரா என்று பாருங்கள்.

முதல் முறை ஃப்ளோர் காலியானால் உடனே கைவிட வேண்டாம். சிகாகோவில் டி.ஜே. பியரும் அவர் நண்பர்களும் ஃப்யூச்சர் என்ற பெயரில் 303ஐத் திருகிச் செய்த டேப்பை, மியூசிக் பாக்ஸ் கிளப்பின் ரெசிடென்ட் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். அவர் முதல் தடவை போட்டபோது கூட்டம் ஒதுங்கியது. அதே இரவில் அவர் மறுபடி மறுபடி போட்டார். நான்காவது தடவை கூட்டம் வெறி பிடித்து ஆடியது என்று பியர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதுதான் 1987இல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று தட்டாக வந்தது. அந்தத் துணிவு ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான் உண்டு. ஒரு இரவுக்கு வந்து போகிற விருந்தாளி அப்படிச் சூதாட மாட்டார்.

10. இரவு ஒரு மணியை மனதில் வைத்து நீளத்தை முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் கூட்டம் நிறைவதே பத்தரை, பதினொன்றுக்கு. ஒரு மணிக்கு விளக்கு எரிந்துவிடும். பத்து நிமிட ட்ராக் இங்கே யாருக்கும் உதவாது. ஆறு, ஆறரை நிமிடம் சரி. ஆனால் தொடக்கத்தில் 32 பார் வெறும் தாளம் விடுங்கள். 130 பி.பி.எம்.மில் அது சுமார் 59 செகண்ட். உங்கள் ட்ராக்கை மிக்ஸ் செய்யப் போகும் இன்னொரு டி.ஜே.வுக்கு அந்த ஒரு நிமிடம் வேண்டும்.

வெளியீட்டு இரவுக்குத் தேதி குறிக்கும் முன், அந்த இடத்துக்கு இசை உரிமம் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். பெங்களூரின் பொதுக் கேளிக்கை இடங்களுக்கான 2005 உரிம ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் உறுதி செய்தது. டிஸ்கோவும் அதற்குள் வருகிறது. அதன் பிறகு பல இடங்களில் இசை நின்றுபோனதை இந்த நகரம் பார்த்திருக்கிறது.

வீட்டிலும் கவனம் வேண்டும். விவேக் நகர் சந்துகளில் ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபல்தான் எல்லை. அதைவிடப் பெரிது, பக்கத்து வீட்டு ஆயா தூங்க வேண்டும். சப்பைத் தரையில் வைக்காதீர்கள், பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன்.

11. கூட்டுக்கு ஒரு பெயர் வையுங்கள், அல்லது பெயரே வேண்டாம்.

பெர்லினில் மொரிட்ஸ் ஃபோன் ஓஸ்வால்டும் மார்க் எர்னெஸ்டஸும் 1993இல் பேசிக் சேனல் என்ற பெயரில் தட்டுகள் போடத் தொடங்கினார்கள். லேபிளில் எழுத்தே சரியாகப் படிக்க முடியாது; யார் என்று பலருக்கு வெகுநாள் தெரியாது. ஆனாலும் இசை உலகம் சுற்றியது. இங்கே பெங்களூரில் ராகுல் கிரியும் தன்வி ராவும் சல்க் ஸ்டேஷன் என்ற பெயரில் 2012இல் 'டில் யூ அப்பியர்' ஆல்பம் போட்டார்கள். அது டெக்னோ இல்லை, மெதுவான இசை. ஆனால் இருவர் ஒரே பெயருக்குள் எப்படி வாழ்வது என்பதற்கு நம் ஊரிலேயே பாடம். டில்லியின் ஜலேபி கார்ட்டெல் குழுவில் இருந்த அர்ஜுன் வாகலே பிறகு தனியாகவும் பெரிய டெக்னோ பெயர் ஆனார். கூட்டுப் பெயர் உங்கள் சொந்தப் பெயரைத் தின்றுவிடாது.

யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தால், அந்த வாரம் ஸ்டுடியோவுக்குப் போகாதீர்கள்.

12. மாஸ்டரிங்கை மூன்றாவது காதுக்குக் கொடுங்கள்.

உங்கள் இருவருக்கும் அந்தக் கிக் பழகிப்போயிருக்கும். 24 பிட் வேவ் ஃபைல், மேலே ஆறு டெசிபல் இடம், மாஸ்டரில் லிமிட்டர் வேண்டாம். அப்படிக் கொடுங்கள். வைனல் ஆசை இருந்தால் இரண்டு விஷயம்: கீழ் பேஸ் எல்லாம் மோனோவாக இருக்கட்டும், இல்லையென்றால் ஊசி தடம் மாறித் துள்ளும், 12 அங்குலத் தட்டில் 45 வேகத்தில் ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் திணித்தால் சத்தம் குறையும். முதல் பக்கம் நான், மறுபக்கம் நீ என்று பிரித்துக்கொள்ளும் யோசனை யாருக்காவது வந்தால் எனக்கு ஒப்புதல் இல்லை. அது இரண்டு தனி ஆட்கள் அட்டையைப் பகிர்ந்துகொண்ட தட்டு.

வைனலுக்குப் பணம் இல்லையா, பேண்ட்கேம்பில் போடுங்கள். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம்.

13. வெளிவந்த பிறகு.

முதல் பிரதியை உங்கள் கிளப்பின் சவுண்ட்காரருக்குக் கொடுங்கள், நன்றிப் பட்டியலில் அவர் பெயரையும் போடுங்கள். அந்த அறையை உங்களுக்குக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

இரண்டாவது இ.பி.க்கு அவசரப்படாதீர்கள். டெட்மானும் க்ளாக்கும் ஆளுக்கு ஒரு சொந்த லேபிளை 2006 முதல் நடத்தியவர்கள்; சேர்ந்து செய்தவற்றையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓஸ்ட்குட் டோனின் நூறாவது வெளியீடு 2017இல் வந்தபோது, அந்த எண்ணை 'ஃபேன்டம் ஸ்டடீஸ்' என்ற இவர்கள் கூட்டுத் தட்டுக்குக் கொடுத்தார்கள். முதல் தட்டுக்கும் அதற்கும் நடுவில் பதினோரு வருடம். அத்தனை காலமும் அதே ஃப்ளோரில் இருவரும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். லேபிள்காரர் அடுத்த மாதமே இன்னொன்று கேட்டால், அறையில் புதிதாக என்ன கேட்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். இருவருக்கும் பதில் இருந்தால் புரொஜெக்டைத் திறங்கள். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு கிளப்புக்குப் போய் ஓபனிங் செட் போடுங்கள்.